பூனைக்குப் பத்து நாள் தீட்டு

எனக்கு மாதத்தில் மூன்று நாள் விடுமுறை உண்டு. அதை விடுமுறை என்று சொன்னால் என் மாமியாருக்குத் தேஷ்யம் வரும். கோபத்துக்கு அவர்கள் வீட்டுத் தமிழில் அதுதான் வார்த்தை. மூன்று நாளும் வீட்டின் பக்கவாட்டில் இருந்த ஓட்டுச் சாய்ப்பு அறையில் தள்ளி உட்கார வேண்டும். யாரையும், எதையும் தொடக் கூடாது. சாப்பாட்டுத் தட்டு வாசற்படிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிவிடப்படும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் நான் பிறந்த வீட்டிலும் இந்த வழக்கம் உண்டுதான், ஆனால் அங்கே கொல்லையில் ஒரு மூலை, அவ்வளவே. மலையாள தேசத்து மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் எனக்கே எனக்கென்று ஒரு அறையும், சந்துப் பக்கம் பார்த்து ஒரு கம்பி ஜன்னலும், ஒரு கட்டுப் பழைய வாரப் பத்திரிகையும் கிடைத்தன. சமையல் இல்லை. தெருக்குழாயில் குடத்தோடு நிற்க வேண்டாம். மாமனாரின் காப்பிக்குச் சூடு பார்க்க வேண்டாம். எனக்கு என்ன கசக்கிறதா?

அப்படி ஒருமுறை நான் உள்ளே இருந்தபோதுதான் பூனை வந்தது. எழுபதுகளின் கடைசி. ஆடி பிறந்து, ஊர்க்காரர்கள் கர்க்கடகம் என்று சொல்லும் மாதத்து மழை ஓட்டின் மேல் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் மிளகு வாங்க வயநாட்டுப் பக்கம் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் தலையாட்டிக் காரியத்தைக் கெடுத்திருப்பார். ஆக வீட்டில் மாமனார், மாமியார், நான், மூன்றே பேர்.

சரியாகச் சொன்னால் அது யார் வீட்டுப் பூனையும் இல்லை. பஜாரில் சுக்கு குடோன்களில் எலி பிடிக்கும், படகுத்துறையில் மீன் பொறுக்கும், பகலில் எங்கள் கொல்லைச் சுவரில் வந்து படுத்துத் தூங்கும். அந்த வருஷம் மாசியில் குளியலறைக்குப் பின்னால் அடுக்கியிருந்த தென்னோலைக் குவியலில் மூன்று குட்டி போட்டது. நான்காம் நாள் துணி உலர்த்தப் போன நான் என் கண்ணாலேயே பார்த்தேன். கழுத்து தடித்த ஒரு மஞ்சள் கடுவன் பூனை, ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நின்றது. மற்ற இரண்டும் ஓலை மேல் அசையாமல் கிடந்தன. கையிலிருந்த ஈரப் புடவையைச் சுருட்டி அதன் மேல் எறிந்தேன். அது அவசரமே இல்லாமல் சுவரேறிப் போயிற்று. தாய்ப்பூனை இரண்டு நாள் அந்த ஓலையைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிட்டது. எனக்கு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. அடுத்த தடவை ஒரு குட்டிகூட உனக்குக் கிடைக்காது பார் என்று சுவரைப் பார்த்து உரக்கவே சொன்னேன். யாரோடு பேசுகிறாய் என்று மாமனார் உள்ளேயிருந்து கேட்டார்.

இந்த முறை அது ஜன்னல் கம்பி வழியாக நுழைந்து வந்தது. உடம்பெல்லாம் ஈரம், வயிறு தரையைத் தொட்டது. அறையை ஒரு சுற்று பார்த்துவிட்டு, என் பழைய நூல் புடவை மடித்து வைத்திருந்த தேயிலைப் பெட்டிக்குள் குதித்தது. மாமனார் தேயிலை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் அரிசி, புத்தகம், பழைய பேப்பர், குடை, எல்லாமே தேயிலைப் பெட்டியில்தான் இருக்கும். நான் தொடர்கதையில் கதாநாயகி விஷயத்தைப் போட்டு உடைக்கப் போகிற இடத்தில் இருந்தேன், அதனால் சும்மா விட்டுவிட்டேன். கதை முடிந்து எட்டிப் பார்த்தால் பெட்டிக்குள் நான்கு. இரண்டு தாய் மாதிரியே சாம்பல். ஒன்று கறுப்பு, பாதம் மட்டும் வெள்ளை. நான்காவது, வெட்கக்கேடு, மஞ்சள். தகப்பன் யார் என்று யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன்.

மாமனார் வீட்டையும் ஆபீஸ் போலவே நடத்தினார். செய்தி காதுக்குப் போன உடனே உத்தரவு வந்துவிட்டது. நான் குளிக்கிற நாலாம் நாள் காலை அறையைக் கழுவிவிட வேண்டும், பூனையும் குட்டிகளும் கொல்லைக்குப் போக வேண்டும், வீடு மனுஷாளுக்கு. மாமியார் எதற்குமே அதிகம் சொல்ல மாட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் என்னோடு அவர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு இன்லண்டு லெட்டரில் அடங்கிவிடும். அதிலும் பாதி, இதைத் தொடாதே, அதைத் தொடாதே. ஆசாரம் என்றால் அப்படி ஒரு ஆசாரம். கொடியில் காயும் மடிப்புடவையின் நிழல்கூட என் மேல் படக் கூடாது. அந்த அம்மாளுக்கு என்னைக் கண்டால் ஆகாது என்று நான் தீர்மானமாகவே இருந்தேன்.

நாலாம் நாள் காலையில் வெந்நீர் போட்டாயிற்று என்று வந்து படிக்கு அப்பால் நின்றார். நான் வெளியே வரப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் மாட்டேன் அதுதான். நான் வந்தால் பெட்டியும் வெளியே போகும், பெட்டி வெளியே போனால் நாலும் போயிற்று. அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கொல்லைச் சுவர் மேல் மழையில் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்த மஞ்சள் கடுவனையும் பார்த்தார். பிறகு கூடத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“பிரசவம் ஆன ரூமாக்கும். பத்து நாள் தீட்டு. இவளும் தொட்டுட்டா. எல்லாரும் உள்ளேயே கெடக்கட்டும்.”

வீட்டுக்கா என்று மாமனார் பதறினார். வீட்டுக்கு இல்லை, ரூமுக்கு மட்டும் என்றார் மாமியார். தீட்டு, மடி, விரதம் எல்லாம் அவர் இலாகா. மாமனார் அதில் தலையிட்டதே இல்லை. பேனாவை எடுத்துக் காலண்டரில் பத்தாம் நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என்னையும் பூனையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாரே, நான் என்ன பிரசவித்தேனா, தொட்டதற்குத் தண்டனையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் ஒரு மணி நேரம் தாங்கியது. அப்புறம்தான் மண்டையில் ஏறிற்று. இன்னும் ஒரு வாரம் முழுக்கச் சமையல் இல்லை! குழாய் இல்லை! குட்டிகளும் பத்திரம், நானும் பத்திரம். பாயில் மல்லாந்து படுத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பூனை பெட்டியின் விளிம்பில் முகவாயை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மட்டாஞ்சேரிக் கொசுவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பால் குடிக்கிற குட்டிகளை அது விடுமா என்று என் கொசுவலையைக் கழற்றிப் பெட்டிக்கு மேல் கட்டினேன். என்னைத்தான் அது இரவெல்லாம் பிய்த்தது. இருந்தாலும் வலைக்குள் நாலு குட்டியும் தாயுமாகக் கொலு வீற்றிருந்த அழகைப் பார்த்தால் கடிபடலாம் என்றுதான் தோன்றியது.

சாப்பாடுதான் வேடிக்கை. தட்டில் எனக்கு எப்போதும் போல் சாதம், குழம்பு, கறி. பக்கத்தில் ஒரு இலையில் பூனைக்குத் தனியாக. பிரசவித்தவளுக்குக் கொடுப்பது தவிர வேறு என்ன தெரியும் அந்த வீட்டுக்கு? முதல் நாள் பூண்டு ரசமும் நெய்யும் விட்டுப் பிசைந்த சாதம். மறுநாள் பூண்டைப் பாலில் வேகவைத்து மசித்தது. அதற்கும் மறுநாள் சுட்ட அப்பளமும் மிளகுச் சாதமும். பூனை ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டு, இது யாருக்கு என்பது போல் என்னை நிமிர்ந்து பார்க்கும். நெய் இருந்தால் நக்கும், தயிரைத் தொட்டுப் பார்க்கும், மீதியை விட்டுவிடும். வீணாக்குவானேன் என்று பத்தியச் சாப்பாடு முழுவதையும் நான் சாப்பிட்டேன். அந்த வாரம் எனக்குக் கன்னம் வைத்தது.

பூனைக்குப் பால் வற்றிற்று. ஐந்தாம் நாள் அது ஜன்னல் கதவைப் பிறாண்ட ஆரம்பித்தது. வெளியே மீன் இருக்கிறது, அதற்குத் தெரியும். பெட்டிக்குள் போய்ப் படுக்கும், குட்டிகள் முட்டி முட்டி உறிஞ்சும், ஒன்றும் வராது, எழுந்து வந்து மறுபடி பிறாண்டும். கறுப்புக் குட்டி மற்றவை தள்ளியதில் ஓரத்துக்கு வந்துவிட்டது. அது வாயைத் திறந்து கத்திற்று, சத்தமே வரவில்லை. கையில் எடுத்தால் தோல் தனியாக, எலும்பு தனியாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் தாய் படகுத்துறைக்கு ஓடும், அந்த நேரம் போதும் கடுவனுக்கு. இல்லை, அதுவே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வி மழையோடு எந்த குடோனுக்காவது கொண்டு போகும். திறக்காவிட்டாலோ இப்படி. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பூட்டி வைத்து நானே பட்டினி போட்டுக் கொல்கிறேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலையில் சந்து வழியாக ஒரு மீன்காரச் சேச்சி போவார். எங்கள் தெருவில் வாங்க ஆள் கிடையாது, அடுத்த தெருவுக்கு அது குறுக்கு வழி, அதனால் எங்கள் வீடுகள் வந்தால் கூவுவதை நிறுத்திக்கொண்டு சும்மா நடப்பார். மரியாதை. அன்றைக்கு ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து நான் கூப்பிட்டேன். அவர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, தலையிலிருந்த அலுமினியப் பாத்திரத்தை இறக்கி வைத்து, கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். என் அரைகுறை மலையாளத்தில் விஷயத்தைச் சொன்னேன். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். தயிர்ச் சாதம், பூண்டு ரசம் என்றேன்.

“பெற்ற பூச்சைக்கு ரசமோ? நிங்ஙள்க்கு பிராந்தாணோ மோளே?”

எங்கள் எல்லோருக்கும் பைத்தியமா என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். இரண்டு சாளை மீனைத் தேக்கிலையில் வைத்து நீட்டினார். எனக்குக் கை நீளவில்லை. சற்று நில்லுங்கள், கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியருகே போய் மாமியாரைக் கூப்பிட்டேன். ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு நீளமான வாதத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஜீவகாருண்யத்தில் ஆரம்பித்து, வேண்டுமானால் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்பதில் முடியும். கறுப்புக் குட்டியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அது அவர் பக்கம் வாயைத் திறந்தது. சத்தம் இல்லை. நான் வாதத்தை ஆரம்பிப்பதற்குள் அவர் கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“தீட்டு ரூமுக்குள்ள எது வந்தா என்ன. ஜன்னல் வழியா வரட்டும், மிச்சம் ஜன்னல் வழியா போகட்டும். இந்தப் படியைத் தாண்டப்படாது. நான் பாக்கலை, கேட்டயா.”

திரும்பிப் போய்விட்டார்.

பிறந்ததிலிருந்து மீனைப் படத்தில் மட்டுமே பார்த்தவள் நான். அந்தத் தேக்கிலையை இரண்டு விரல் நுனியால் வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாராயணா என்று பெட்டிக்குப் பக்கத்தில் போட்டேன். கண்ணைத் திறப்பதற்குள் ஒரு சாளை காணோம். இரண்டாவதைத் தின்னும்போது பூனை என்னைப் பார்த்து உறுமிற்று, பங்குக்கு வந்துவிடுவேன் என்று பயம். சேச்சி ஜன்னலுக்கு வெளியே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். நாளையும் வருகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் கறுப்புக் குட்டி வாயைத் திறந்தபோது கீச் என்று ஒரு சத்தம் வந்தது. நான் பாயிலிருந்து துள்ளி எழுந்ததில் பத்திரிகைக் கட்டெல்லாம் சரிந்தது. கத்துடா என் ராஜா, இன்னும் கத்து என்று கத்தினேன். பின்னால் அது பெண் என்று தெரிந்தது.

மாமனாரின் மூக்கு சாமானியப்பட்டதில்லை. தேயிலை ருசி பார்க்கிறவர்களுக்குப் பக்கத்து மேஜையில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த மூக்கு. மீன் வந்த அன்று மாலையே கூடத்தில் நின்று நாலு பக்கமும் முகர்ந்து, எங்கேயோ மீன் நாத்தம் என்றார். கடல் காத்து என்றார் மாமியார். மறுநாளிலிருந்து வீட்டில் மூன்று வேளையும் சாம்பிராணி. நாங்கள் மூன்று பேரும் பூனையும் இருமினோம். மழைக்காலத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்க மாமனார் வாசலில் போய் விரலை நனைத்து உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். துறைமுகத்தில் ஏதோ மாற்றிக் கட்டுகிறார்கள், அதுதான் காற்று திரும்பிவிட்டது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

எட்டாம் நாள் மத்தியானம் கடுவன் வந்தது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. தலைக்கு மேல் ஓடு நகர்கிற சத்தம் கேட்டு நிமிர்ந்தால், இடைவெளியில் அந்த மஞ்சள் மூஞ்சி. நான் கத்துவதற்குள் பொத்தென்று தரையில் குதித்துவிட்டது. தாய்ப்பூனை பெட்டிக்குள்ளிருந்து இரண்டு மடங்காகப் பருத்து எழுந்தது. எனக்குக் கையில் கிடைத்தது ஒரு வாரப் பத்திரிகை. தீபாவளி மலராக இருந்தாலாவது கனமாக இருந்திருக்கும்! நான் போட்ட கூச்சலில் மாமியார் விளக்குமாற்றோடு ஓடி வந்தார். அந்த நிலையிலும் படியைத் தாண்டவில்லை. விளக்குமாற்றைத் தரையோடு என்னிடம் சறுக்கிவிட்டு, அங்கேயே நின்று உத்தரவு போட்டார். வலத்து பக்கம், வலத்து பக்கம், அலமாரிக்குக் கீழே, இப்போ போடு! நான் போட்டேன். அது எம்பிக் குதித்துக் கொசுவலையில் விழுந்தது. வலை அறுந்து அதன் மேலேயே சுற்றிக்கொண்டது. வலையோடு எழுந்து, படியைத் தாண்டி, மாமியாரின் கால்களுக்கு நடுவே புகுந்து, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரின் நாற்காலியைச் சுற்றி, வாசல் வழியாகத் தெருவுக்குப் பறந்தது.

வெள்ளையாக ஒன்று போயிற்றே, அது என்ன என்று மாமனார் கேட்டார். கொசுவலை என்றார் மாமியார். நீங்கள் தொட்டீர்களா, தீட்டு வலை அது, போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று அடுத்த மூச்சில் அவரைக் குளியலறைக்கு அனுப்பியும்விட்டார். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து எண்ணினேன். நாலு. மறுபடி எண்ணினேன். நாலு. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று விக்கி விக்கி வந்தது.

பத்தாம் நாள் வந்தே விட்டது. காலண்டரில் வட்டம் போட்டவர் மறப்பாரா? மறுநாள் காலை புண்ணியாகம் செய்து, அதாவது வாத்தியாரை வைத்து மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்துத் தீட்டைக் கழித்து, அறையைக் கழுவிப் பூனையை வெளியே விடுவது என்று சொல்லிவிட்டு மாமனார் எங்கோ கிளம்பிப் போனார். குட்டிகளுக்கு அப்போதுதான் ஒவ்வொரு கண்ணாகத் திறந்திருந்தது. நடந்தால் நாலு காலும் நாலு பக்கம் போகும். வலையைக் கிழித்துக்கொண்ட கடுவன் சுவர் மேல் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது. மாமியார் தட்டோடு வந்தபோது நான் இரண்டு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துக் கொட்டினேன்.

“இதுகளை வெளியில விடறதா இருந்தா என்னையும் சேர்த்து விட்டுடுங்கோம்மா. நானும் அந்த ஓலைக்குப் பக்கத்துல உக்காந்துக்கறேன். நிஜமாத்தான் சொல்றேன்.”

“சாதம் ஆறறது. சாப்பிடு.”

அவ்வளவுதான் சொன்னார். கல்லாலடித்த மனசு என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடவில்லை.

மாமனார் போன இடத்தில் என்ன சொன்னார் என்பது மறுநாள்தான் எங்களுக்குப் புரிந்தது. எங்கள் தெரு வாத்தியாரைக் கூப்பிட்டால் யாருக்குப் பிரசவம் என்று கேட்பார், பூனைக்கு என்று சொன்னால் கோயில் மண்டபம் முழுக்கச் சிரிக்கும். அதனால் படகேறி எர்ணாகுளம் போய், முன்பின் தெரியாத ஒரு வாத்தியாரைப் பிடித்து, ஆத்தில் பிரசவம் ஆகியிருக்கிறது, நாலு, என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பொய் ஒன்றும் இல்லை. அந்த மனுஷர் ஆடிப்போய்விட்டாராம். விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, நானே வருகிறேன் என்று மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். எர்ணாகுளத்தில் மரியாதை தெரிந்த வாத்தியார்கள் இருக்கிறார்கள் என்று மாமனார் வந்து சந்தோஷமாகச் சொன்னார்.

காலை முதல் படகிலேயே வாத்தியார் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். குடை, தர்ப்பைக் கட்டு, பஞ்சாங்கம், முகமெல்லாம் பல். மாமனார் அப்போது குளியலறையில் இருந்தார். அம்மாவும் குழந்தைகளும் சௌக்கியமா என்று வாத்தியார் கேட்டார். சௌக்கியம் என்றார் மாமியார். இத்தனை வருஷத்தில் இரட்டைக்குப் புண்ணியாகம் செய்திருக்கிறாராம், நாலுக்குச் செய்ததில்லையாம். அவர் அகத்தில் ராத்திரி உட்கார்ந்து கிளறிய பிரசவ லேகியம் என்று ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து நீட்டினார். பெற்றவளுக்கு வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு கொடுக்க வேண்டும். பால் நன்றாகச் சுரக்கும்.

மாமியார் முகத்தில் ஒரு சதை அசையவில்லை. வாங்கோ, காட்டறேன் என்று சாய்ப்பு அறைக்கு முன்னால் அழைத்து வந்தார். நான் உள்ளே எழுந்து நின்றேன். வாத்தியார் என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தொட்டிலைத் தேடினார். தேயிலைப் பெட்டியிலிருந்து மஞ்சள் குட்டி தலையை நீட்டியது. அடுத்து ஒரு சாம்பல். அதற்கப்புறம் தாய், வாயில் ஒரு சாளை வாலோடு. நான் புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று.

சிரிப்பு வாத்தியாருக்கு வரவில்லை. காது வரை சிவந்துவிட்டார். படகேற்றி வரவழைத்து என்னைக் கேலி செய்கிறீர்களா என்றார். பூனைக்கு ஏதம்மா தீட்டு, எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது, இவ்வளவு ஆசாரமான வீட்டில் இதுகூடவா தெரியாது என்று படபடவென்று பொரிந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. தீட்டே இல்லையென்றால் மீன் வந்தது எங்கே? நல்ல வீட்டுக்குள்ளே. அதுவும் யார் சொல்லி? மடிப்புடவை நிழல் படக் கூடாது என்கிற இந்த அம்மாள் சொல்லி. மனுஷப் பிரசவம் என்றால் டெல்லியில் இருக்கிற பங்காளிக்கும் தீட்டு, பூனைப் பிரசவம் மட்டும் ஒரே ஒரு ரூமுக்கா என்று பத்து நாளில் எனக்கும் ஒருதரம் தோன்றவில்லையே. ஐயோ, இப்போது என்ன ஆகப் போகிறதோ என்று மாமியாரைப் பார்த்தேன்.

“பூனைக்குத் தீட்டு இல்லைன்னு எனக்குத் தெரியாதா வாத்தியாரே?” என்றார் அவர். “மாசியில மூணு குட்டி செத்துப்போச்சு. இந்தப் பொண்ணு ரெண்டு நாள் சாப்பிடலை. இந்தத் தடவை வேற என்ன சொல்லி நான் அவர் வாயை அடைப்பேன், நீங்களே சொல்லுங்கோ.”

மாசியில் நான் சாப்பிடாதது அவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. பத்து நாளாக அறுபது வயதில் முட்டிவலியோடு குழாயடிக்கும் அடுப்படிக்கும் அவர் ஒருத்தரே நடந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாயில் மல்லாந்து தொடர்கதை படித்தவள் நான்!

குளியலறைக் கதவு திறந்தது. மாமனார் ஈர வேஷ்டியோடு வந்து, வாத்தியாரைக் கண்டு கைகூப்பி, ஆரம்பிக்கலாமா என்றார். கறுப்புக் குட்டி பெட்டி விளிம்பில் தொற்றி ஏறி, தொப்பென்று வெளியே விழுந்து, கீச்சென்று கத்திற்று. வாத்தியார் அதைப் பார்த்தார். தாயின் வாயிலிருந்த மீன் வாலைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பிரித்து, ஒரு பக்கத்தில் விரலை ஓட்டி நிறுத்தினார்.

“ஒரே பிரசவத்துல நாலு. ஒவ்வொண்ணுக்கும் பத்து. நாற்பது நாள் ஆகும். ஆடி போய் ஆவணியும் பாதி போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்.”

நாற்பதா என்று மாமனார் வாயைப் பிளந்தார். உள்ளே இருக்கிறவளுக்குமா என்றார். தொட்ட எல்லோருக்கும் என்றார் வாத்தியார். நாற்பது நாளில் குட்டிகள் ஓடும், ஏறும், கடுவனைக் கண்டால் சீறும். எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. அதே நேரம் இன்னும் முப்பது நாள் இந்த அம்மாள் ஒண்டியாக அடுப்பில் வேக வேண்டுமே என்றும் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

மாமியார் அதற்குள் படியைத் தாண்டிவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பாயில் உட்கார்ந்து, கறுப்புக் குட்டியை எடுத்து மடியில், அந்த மடிப்புடவையின் மேலேயே, வைத்துக்கொண்டார். அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போயிற்று. எவ்வளவு பிடித்தது என்று இன்றைக்கும் சொல்ல வரவில்லை.

“நானும் தொட்டுட்டேன், கேட்டேளா,” என்றார் மாமனாரிடம். “நாப்பது நாள். அடுப்பு இனிமே உங்க ஜோலி.”

மாமனார் ஈர வேஷ்டி சொட்டச் சொட்ட எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாத்தியார் வாசல் பக்கம் மழையைப் பார்த்தார். கடைசியில் மாமனார் அடுக்களைக்குள் போனார். ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது, இன்னொன்று அதன் மேல் விழுந்தது. பிறகு அவர் குரல் வந்தது.

“உப்பு எங்க இருக்கு?”